பாத்தி ஓரத்துக்குச் செங்கல் பதிப்பது எப்படி

பாத்தியைச் சுற்றிச் செங்கல்லை மண்மேல் சும்மா அடுக்கி வைத்தால் நாலு நாளைக்கு அழகாகத்தான் இருக்கும். ஒரு பெருமழையில் அடிமண் அரித்துக் கல் சாய்ந்துவிடும். அருகம்புல்லும் அடிவழியாக நுழைந்து செடிகளுக்கு நடுவே தலைகாட்டும். அதனால் கல் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பேன்.

இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த கல். மந்தமாகக் கேட்டால் வேண்டாம், ஈரத்தில் உதிர்ந்துவிடும். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலக் கனமுள்ள கல்லைக் குத்தாக நிறுத்தி, அகலப் பக்கம் வெளியே தெரிய வைத்தால் 10 அடிக்கு 27 கல் போதும். வளைவில் 3 அங்குலப் பக்கத்தை வெளியே திருப்புங்கள். 10 அடிக்கு 40 கல் பிடிக்கும்தான், ஆனால் வளைவு முறியாமல் வரும். அந்த அழகுக்கு அவ்வளவு கல் தகும்.

நேர் ஓரத்துக்கு முளையடித்து நூல் கட்டுங்கள். வளைவுக்குத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயையே வளைத்துப் போட்டு, அதையொட்டிச் சுண்ணாம்புத் தூள் தூவினால் கோடு கிடைத்துவிடும். அப்புறம் 7 அங்குல ஆழத்துக்குப் பள்ளம். அடியைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மணலைப் போட்டு நனைத்து மறுபடி இடியுங்கள். இறுகியபின் மணல் 2 அங்குலம் நிற்க வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்த இடிப்பைத்தான். பிறகு ஒவ்வொரு கல்லாக இறங்குவதற்கும் அதுவே காரணம். அருகம்புல் தொல்லை இருந்தால், புல் இருக்கும் பக்கத்துப் பள்ளச் சுவரில் தடித்த பிளாஸ்டிக் தாளைச் செங்குத்தாக விடுங்கள். அடியில் மட்டும் விரிக்காதீர்கள், தண்ணீர் இறங்காது.

இனி நூலைக் கல்லின் மேல்மட்டத்துக்கு ஏற்றிக் கட்டி, மூலையிலிருந்து தொடங்குங்கள். கல்லோடு கல் ஒட்டி நிற்கட்டும். உயர்ந்து நிற்பதை ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். நாலைந்து கல்லுக்கு ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்த்தால் போதும். சரிவான தரையென்றால் தரையின் போக்கிலேயே போகலாம்.

சரி, சிமென்ட் பூச வேண்டுமா? வேண்டாம். செடி பெருத்துப் பாத்தியை அகலப்படுத்தும் நாளில் கல்லைப் பெயர்த்துத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து, இடுக்குகளில் காய்ந்த மணலைப் பெருக்கி விடுங்கள். பாத்தி மண் கல்லின் மேல்விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மண் வெளியே வழியும்.