பழைய காருக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

"வண்டி பழசாயிடுச்சு, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கலாமா மேடம்?" சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்சூரன்ஸ் கிளெய்ம் பேப்பர்களைப் பார்ப்பது என் வேலை. பாலிசி முடியப்போகும் வண்டிக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். தேர்ட் பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் இழப்பை மட்டும் ஈடுகட்டும் பாலிசி. வண்டியின் வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உடன் யார் வருகிறார்கள், வண்டி எங்கே நிற்கிறது, அது மொத்தமாகப் போனால் தாங்குவீர்களா என்று பார்க்க வேண்டும்.

முதலில், தேர்ட் பார்ட்டியை "போலீஸுக்குக் காட்டுற பேப்பர்" என்று இளப்பமாக நினைக்காதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அது கட்டாயம்; இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. அபராதத்தை விடுங்கள். உங்கள் காரில் அடிபட்டு ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ, தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு எத்தனை லட்சமானாலும் கம்பெனிதான் கட்டும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் வண்டி, சுவர், கடை போன்ற சொத்துச் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் வரை. ஆக, அடுத்தவருக்குச் செய்ய வேண்டியதை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டுப் பிறகு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க முடியும்.

உங்கள் வண்டிக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, உங்கள் காரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. எதிர் வண்டியின் தவறு என்றால் அந்த வண்டியின் பாலிசியில் கேட்கலாம். நீங்களே தூக்கக் கலக்கத்தில் புளியமரத்தில் மோதினால்? வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி, சொந்தக் காரில் கூட வரும் மனைவி, மாமியார், நண்பர் ஆகியோரின் இழப்பீட்டுக்குப் பொறுப்பேற்காது. காம்ப்ரிஹென்சிவ், அதாவது நாம் சொல்லும் ஃபுல் இன்சூரன்ஸ், பொறுப்பேற்கும். 2009லேயே இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏ சுற்றறிக்கை விட்டு இதைத் தெளிவாக்கிவிட்டது. குடும்பத்தோடு அடிக்கடி ஊருக்கு ஓட்டிப் போகிறவர் என்றால், கார் எவ்வளவு பழசானாலும் சரி, தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு தனியாக உண்டு. அது உங்களுக்கு மட்டும்தான், பின் சீட்டுக்கு இல்லை.

இனி பணக் கணக்கு. 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1,000 சிசி வரை 2,094, 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இது எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். நீங்கள் யோசிக்க வேண்டியது, இதற்கு மேல், உங்கள் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் ஓன் டேமேஜ் பிரீமியத்தை மட்டும்.

பதினோரு வயது ஹேட்ச்பேக் ஒன்று, ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 1.6 லட்சம், ஓன் டேமேஜ் 6,000, 50 சதவீத என்சிபி (கிளெய்ம் போடாத வருடங்களுக்கான தள்ளுபடி) போக 3,000 என்று வைத்துக்கொள்வோம். பம்பர், கதவு எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் பில். அதில் 12,000 பார்ட்ஸ், மீதி டிங்கரிங், பெயின்ட். பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் பாதிதான் கிடைக்கும். பத்து வயது தாண்டினால் இரும்புக்கும் பாதிதான். பெயின்ட் மெட்டீரியலிலும் கொஞ்சம் போகும், கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போகும். கையில் வருவது பன்னிரண்டாயிரத்தைச் சுற்றி இருக்கும். அப்புறம் என்சிபி பூஜ்யத்துக்கு இறங்கி, 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50 வருவதற்குள் கூடுதலாகக் கட்டுவது 7,500. மிஞ்சுவது ஐயாயிரத்துக்கும் கீழே! இதற்காகக் கிளெய்ம் போட்டு, சர்வேயருக்குக் காத்திருந்து, வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவைப்பது வீண்.

அதாவது பழைய காரில் சின்ன கீறலுக்கெல்லாம் ஃபுல் இன்சூரன்ஸ் பிரயோஜனம் இல்லை. திருட்டு, தீ, வெள்ளம், பெரிய விபத்து இவற்றுக்குத்தான் அந்த 3,000. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், ஐடிவியைத் தருவார்கள். அந்த 1.6 லட்சம் நாளைக்கே போனால், கடன் வாங்காமல் வேறு வண்டி வாங்க முடியுமா? முடியும் என்றால், காரில் பெரும்பாலும் தனியாகப் போகிறவர் என்றால், தேர்ட் பார்ட்டியே போதும். மிச்சமாகும் பணத்தை வங்கியில் போடுங்கள். ஐடிவி ஐம்பதாயிரத்துக்கு வந்துவிட்ட வண்டிக்கு இன்னும் யோசிக்கவே வேண்டாம்.

வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். மழை அறிவிப்பு வந்தாலே, வெள்ளத்துக்குப் பயந்து சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுவது சும்மா இல்லை. 2015லும், 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்களில் தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தவற்றுக்கு ஒன்றும் வரவில்லை, வரவும் வராது. என் வீடு மடிப்பாக்கத்தில், பார்க்கிங் தரைத்தளத்தில். என் பழைய காருக்கு நான் இன்னும் ஃபுல்தான் போடுகிறேன். ஆனால் தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண காம்ப்ரிஹென்சிவும் கைவிரிக்கும். இன்ஜின் புரொடெக்ஷன் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கு அதைப் பல கம்பெனிகள் தருவதில்லை. எனவே, ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்யுங்கள்.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி சேர்ந்தே வருகிறது. ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடம்தான். "மூணு வருஷ பாலிசிதானே" என்று இரண்டாம் வருடம் சும்மா இருந்துவிட்டு, இடித்த பிறகு இங்கே வந்து நிற்கிறார்கள். பாலிசியில் இரண்டுக்கும் தனித்தனி முடிவுத் தேதி போட்டிருக்கும்; இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். லோன் ஓடிக்கொண்டிருந்தால் பேச்சே இல்லை, வங்கி ஃபுல்தான் கேட்கும்.

தேர்ட் பார்ட்டிக்கு இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவது கஷ்டம். ஓன் டேமேஜ் முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்துவைத்த என்சிபி போய்விடும், மறுபடி ஃபுல் கேட்டால் வண்டியை இன்ஸ்பெக்ஷன் பார்த்துத்தான் தருவார்கள். அடுத்த வருடம் வண்டியை மகளுக்கோ மகனுக்கோ ஓட்டக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், இந்த வருடம் விடாதீர்கள்.