நீலகிரியில் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது எப்படி

சமவெளி நகரத்தில் காவல் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருக்கும். இன்று அதிகாரி இல்லையென்றால் நாளை போய்ப் பார்க்கலாம். மலையில் அந்த வசதி கிடையாது. எஸ்டேட் லைனிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து, நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றிரவு எங்கே தங்குவது என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். கூடலூர்க்காரர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டுமென்றால் உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஏற வேண்டும். பந்தலூர்க்காரருக்கு அதைவிடத் தூரம். இந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் புகார் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது ‘தெரிந்த ஆள்’ ஒருவரைப் பிடித்து அவர் வழியாகப் போகிறார்கள். தெரிந்த ஆளை நம்பிப் போனால் அவர் ஊரில் இல்லாத நாளில் காரியமும் நடக்காது. எண்ணும் தேதியும் இட்ட காகிதம் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேள்வி கேட்கும். முதல் முறை போகும்போதே அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்புவது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கீழே வரும் பிரிவு எண்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தைச் சேர்ந்தவை.

எங்கே போவது

நடந்தது உடனடி ஆபத்து என்றால் மனு எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். 100 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். எல்லையோரக் கிராமங்களில் கைபேசி கேரள, கர்நாடகக் கோபுரங்களைப் பிடித்துக்கொள்வது உண்டு என்பதால், அழைப்பை எடுத்தவரிடம் முதல் வார்த்தையாகவே ‘நீலகிரி மாவட்டம், இன்ன வட்டம், இன்ன ஊர்’ என்று சொல்லிவிடுவது நல்லது. வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போனாலும், வாகனம் திருடு போனாலும் இந்த முதல் அழைப்புக்குத் தனி மதிப்பு உண்டு. மலையைவிட்டு வெளியேறும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; பர்லியார், குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி ஆகிய இடங்களுக்குத் தகவல் நேரத்தோடு போய்விட்டால் வண்டி இறங்குவதற்குள் பிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதும் அந்த வகையில் ஓர் உதவிதான்.

எந்த நிலையத்துக்குப் போவது என்ற குழப்பத்தை இப்போது சட்டமே தீர்த்துவைத்திருக்கிறது. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும், புகாரை வாங்கிப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று பிரிவு 173 சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பேருந்தில் பை பறிபோனால், எந்த வளைவில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடம் நீலகிரியா கோயம்புத்தூர் மாவட்டமா என்று தீர்மானிப்பது புகார்தாரரின் வேலையும் அல்ல. மலை ரயிலில் நடந்தது என்றால் 139 எண்ணில் தெரிவிக்கலாம். இணையத்தில் காட்டேஜ் பதிவு செய்து பணத்தை இழந்தவர் முதலில் 1930-ஐ அழைக்க வேண்டும்; பணம் கணக்கிலிருந்து கணக்குக்கு ஓடுவதற்குள் அதை முடக்குவதே அங்கே முதல் வேலை. யானை, கரடி, காட்டுமாடு தொடர்பான இழப்புகளுக்கு வனச்சரக அலுவலகமே இடம். ஆனால் அதில் உயிரிழப்பு நேர்ந்திருந்தால் காவல் நிலையத்திலும் பதிவு தேவைப்படும்.

ஆவணம் தொலைந்துபோனதற்கு நிலையத்துக்கு நடக்கவே வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

புகார் மனுவை எழுதுவது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். பெரும்பாலான மனுக்கள் இப்படி இருக்கின்றன: ‘சென்ற வாரம் என் வீட்டில் நகை திருடு போய்விட்டது. ஐயா அவர்கள் தக்க நடவடிக்கை எடுத்து நகையை மீட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இதில் பணிவு நிறைய இருக்கிறது. புலனாய்வுக்கு உதவுவது ஒன்றுமில்லை. அதே செய்தியை இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘12-ஆம் தேதி வியாழக்கிழமை காலை 7 மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு நானும் என் மருமகளும் இலை பறிக்கப் போனோம். மாலை 5.30 மணிக்குத் திரும்பியபோது முன்கதவுப் பூட்டு அப்படியே இருந்தது. பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. அரிசி டிரம்முக்குள் துணியில் முடிந்து வைத்திருந்த அரைப் பவுன் தோடு ஒரு ஜோடியைக் காணவில்லை. அதில் ஒரு தோட்டுக்கு மட்டும் வெள்ளித் திருகாணி போட்டிருந்தோம்.’ அடகுக் கடையில் நூறு ஜோடித் தோடு இருந்தாலும் அந்த வெள்ளித் திருகாணியை வைத்து இது யாருடையது என்று சொல்லிவிட முடியும்.

இடத்தைக் குறிப்பிடும்போது கதவு எண்ணை மட்டும் நம்பக்கூடாது. எந்த எஸ்டேட், எந்தப் பிரிவு, மேல் லைனா கீழ் லைனா, எத்தனையாவது வீடு, அல்லது எந்த ஹட்டி (படுகர் ஊர்), எந்தக் கைகாட்டியிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று எழுத வேண்டும். பனிமூட்டத்தில் புதிதாக வரும் காவலர் தடுமாறாமல் வந்து சேரும்படி வழி சொன்னால் போதும்.

கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, தாமாக நினைத்தது ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் எழுதலாம், ஆனால் அதற்கான காரணத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்திருப்பவர்கள் பக்கத்து லைனில் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம் ஆகாது. ஊருக்குப் புதியவர் என்ற ஒன்றை வைத்து ஒருவர் பெயரை எழுதிவிட்டால் புலனாய்வு முதல் நாளே தவறான பக்கம் திரும்பும், உண்மையில் எடுத்தவர் அதற்குள் பொருளை விற்றுவிடுவார். அதேபோல், ஒருவர் அடித்தார் என்றால் ஒருவர் பெயரையே எழுத வேண்டும். அண்ணன், தம்பி, மாமனார் என்று குடும்பம் முழுவதையும் சேர்த்துவிட்டால் புகார் வலுவாகிவிடும் என்று எண்ணுபவர்கள் உண்டு. நீதிமன்றத்தில் முதலில் உடைவது அந்தப் பகுதிதான்; அதோடு உண்மையான பகுதியும் நம்பகத்தன்மையை இழக்கும்.

தாமதமாகப் போக நேர்ந்தால் ஏன் தாமதம் என்று ஒரு வரி எழுத மறக்கக்கூடாது. மண்சரிவில் சாலை அடைபட்டது, பேருந்து ஓடவில்லை, காயம்பட்டவரை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம் என்பவையெல்லாம் நியாயமான காரணங்கள்; ஆனால் இரண்டு ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் சொல்வதைவிட அன்றே எழுதி வைத்திருப்பதற்குத்தான் மதிப்பு. மழைக்காலத்தில் இறங்கவே முடியாத நிலை என்றால் மின்னணு முறையில் புகார் அனுப்பலாம். ஆனால் அனுப்பிய மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட்டால்தான் அது பதிவுக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நிலையத்துக்குள்

மனுவின் இரண்டு பிரதிகளையும் அடையாள அட்டை நகலையும் எடுத்துச் செல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்லலாம். அதை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும் என்பது சட்டம். பணியரோ குறும்பரோ காட்டுநாயக்கரோ தம் மொழியில் பேசிப் பழகிய மூதாட்டியாக இருந்தால், இரு மொழியும் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போய், வாசித்துக் காட்டுவதை அவர் மொழியில் திருப்பிச் சொல்லச் செய்வது நல்லது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைப் புகார்களில் வாசித்துக் காட்டாமலும் நகல் தராமலும் விடுவது 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 4-இன்படி கடமை தவறுதல் ஆகும். அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணையும் தேவையில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும்.

மே மாதம் மலர்க் கண்காட்சி நாட்களில் ‘இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், அப்புறம் வாங்க’ என்ற பதில் வரக்கூடும். பந்தோபஸ்து வேலை கடுமையானது என்பது உண்மைதான். ஆனால் பொறுப்பு அதிகாரி இல்லாதபோது, நிலையத்தில் இருப்பவர்களில் காவலர் நிலைக்கு மேற்பட்ட அடுத்த அதிகாரியே பொறுப்பு அதிகாரியாகக் கருதப்படுவார். ஆகவே எஸ்.ஐ. இருந்தாலும் சரி, ஏட்டு மட்டும் இருந்தாலும் சரி, அவரிடம் மரியாதையாக, ‘ஐயா, நான் திரும்பிப் போக ஒரே பேருந்துதான், இப்போதே வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள்’ என்று கேட்கலாம். குரலை உயர்த்த வேண்டியதில்லை. எழுந்து போய்விடவும் வேண்டியதில்லை.

அடுத்து வருவதுதான் பலர் ஏமாறும் இடம். மனுவை வாங்கிக்கொண்டு தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது, மனு கிடைத்தது என்பதற்கான சான்று மட்டுமே. வழக்குப் பதிவாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வழக்குப் பதிவு என்பது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். வாகனக் காப்பீடு கேட்பவருக்குச் சி.எஸ்.ஆர். போதாது. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் புகாரிலிருந்தே தெரிகிறது என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. இப்போதைய சட்டம், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் கொடுக்கிறது. ஆகவே ரசீதை வாங்கும்போதே, ‘எஃப்.ஐ.ஆர். எப்போது போடுவீர்கள், இது முதற்கட்ட விசாரணையில் இருக்கிறதா?’ என்று கேட்டு, பதிலையும் பதில் சொன்னவரின் பதவியையும் தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம்.

பிறகு விசாரணைக்கு அழைப்பு வரும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க நிலையத்துக்கு வரவழைக்கக்கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். பிரிவு 179 தரும் இந்தச் சலுகை மலையில் பெரிய விஷயம், ஆனால் கேட்பவர்கள் குறைவு. விசாரணையின்போது சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்து எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

பேசி முடிக்கலாமா

ஹட்டியில் பெரியவர்கள் கூடிப் பேசுவதும், லைனில் சங்கத் தலைவர் இரு தரப்பையும் உட்கார வைப்பதும் இங்கே நெடுநாள் வழக்கம். வேலித் தகராறு, குழாயடிச் சண்டை போன்றவற்றில் அந்த வழியே பெரும்பாலும் நல்லது என்பது என் எண்ணம். கொடுக்கல் வாங்கல், எல்லைத் தகராறு ஆகியவை உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியவை. அவற்றில் காவல் நிலையமே பஞ்சாயத்துப் பேசினால் அன்றைக்கு வேகமாக முடிந்ததுபோலத் தோன்றும், தோற்றவர் மனத்தில் மட்டும் முடியாது. குழந்தை மீதான பாலியல் குற்றத்தை ஊரில் பேசி முடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தின் பிரிவு 21-இன்படி தண்டனைக்குரியது. பேசி முடித்த பெரியவர்களுக்கும் அது பொருந்தும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அழைக்கலாம். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்.

பதில் இல்லாவிட்டால்

சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். இரண்டின் நிலையையும் இணையத்தில் பார்க்கலாம். எஃப்.ஐ.ஆர். 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைப்பு கிடைக்காத நிலப்பகுதிகளுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் ஏற்றப்படுவதில்லை. புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டியது புலனாய்வு அதிகாரியின் கடமை என்று பிரிவு 193 சொல்கிறது. அந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, தகவல் வராவிட்டால் எழுத்தில் கேட்க வேண்டும்.

புகாரையே பதிவு செய்ய மறுத்துவிட்டால், அதன் சாரத்தை எழுதி உதகையிலுள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். நேரில் போயே ஆகவேண்டும் என்பதில்லை. சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ஒப்புகை வந்ததும் சி.எஸ்.ஆர். ரசீதுடன் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். அங்கிருந்தும் பதில் இல்லையென்றால், பிரமாணப் பத்திரத்துடன் பிரிவு 175(3)-இன்கீழ் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். கண்காணிப்பாளருக்கு எழுதியதற்குச் சான்று இல்லாவிட்டால் அந்த மனு நிற்காது. தபால் ஒப்புகையைப் பத்திரப்படுத்தச் சொன்னது அதற்காகத்தான். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாதவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதற்கான உதவி எண் 15100.