தேக்கு டெக்கில் கருவளையம்: ஸ்க்ரூக்களை மாற்றிய அனுபவம்

கடலோரத்தில் இருக்கும் மொட்டைமாடி டெக் (மரப்பலகைத் தளம்). இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறுப்பு. மரம் அழுகவில்லை. ஈரத்தில் தேக்கின் டானின் (மரத்தில் இயல்பாக உள்ள துவர்ப்புப் பொருள்) இரும்போடு சேர்ந்தால் இப்படித்தான் கறுக்கும். போட்டிருந்தது துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூ. உப்புக்காற்று பூச்சைத் தின்றுவிட்டது.

எல்லாவற்றையும் 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றினேன். கடையில் வெறுமனே 'எஸ்.எஸ்.' என்று கேட்காதீர்கள், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் 410 ரகத்தைக் கொடுத்துவிடுவார்கள். காந்தம் பலமாக ஒட்டினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 304-க்கும் 316-க்கும் காந்தம் வித்தியாசம் காட்டாது. பெட்டியில் 316 அல்லது அதே ரகத்தின் இன்னொரு குறியீடான ஏ4 (A4) என்று இருக்க வேண்டும்.

பலகை 25 மி.மீ., அதனால் ஸ்க்ரூ 5×60. முதல் நான்கில் இரண்டு கழுத்தோடு முறிந்தன. ஸ்டெயின்லெஸ் மென்மையானது, தேக்கில் துளையில்லாமல் இறங்காது. பலகையில் 5 மி.மீ., கீழ்ச் சட்டத்தில் 3.5 மி.மீ. துளை போட்டு, மரைக்கு மெழுகு தேய்த்த பிறகு ஒன்றுகூட முறியவில்லை. இம்பாக்ட் டிரைவரை (தட்டித் தட்டிச் சுழற்றும் மின் திருகி) பழைய ஸ்க்ரூக்களைக் கழற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடுக்குவதற்கு கிளட்ச் (இறுக்கம் மிஞ்சினால் சுழற்சியை விட்டுவிடும் அமைப்பு) உள்ள டிரில், குறைந்த வேகம். பிளஸ் தலை வழுக்கும், ஆறு முனை நட்சத்திரத் தலையே (டார்க்ஸ்) வாங்குங்கள்.

முறிந்த துண்டுகளை லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருகி எடுத்தேன். பழைய துளைகளில் தேக்குக் குச்சியும் எபாக்ஸி பசையும். புதுத் துளை 25 மி.மீ. தள்ளி. கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல், கையுறை கட்டாயம். இருபது நிமிடத்தில் வெளுத்தது. பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.