தார் ரோட்டில் மேல் அடுக்கு ஒட்டியிருக்கிறதா? கோர் எடுத்துச் சோதிக்கும் முறை

தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் பிரேக்கில் கால் வைத்தபடியேதான் இறங்கும். மேல் அடுக்கு கீழே சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அந்த மாதிரி இடத்தில்தான் முதலில் பிறை வடிவ விரிசல் விழும். புது ரோட்டைப் பார்த்தால் எதுவும் தெரியாது, கோர் (ரோட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுக்கத்தான் வேண்டும்.

அதற்கு முன் டேக் கோட், அதாவது இரண்டு அடுக்கையும் ஒட்டவைக்கத் தெளிக்கும் பூச்சு. எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) தெளிக்கும் வழியில் 30 செ.மீ. சதுரத் தகடுகள் மூன்றைப் போடுங்கள். சதுர மீட்டருக்கு 250 கிராம் என்று வைத்திருந்தால் ஒரு தகட்டில் 22.5 கிராம் விழ வேண்டும். தண்ணீர் ஆவியாகிவிடும், உடனே எடை போடுங்கள். பழுப்பு நிறம் முழுக்கக் கறுப்பாகும் முன் பேவரை (கலவை விரிக்கும் மெஷினை) உள்ளே விடாதீர்கள்.

கோருக்கு 150 மி.மீ. பிட். வண்டி போகும் திசையில் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டுவிட்டுத் துளையிடுங்கள். இரண்டு அடுக்கும் சேரும் கோட்டைத் தாண்டி இன்னும் 5 செ.மீ.யாவது இறங்கணும். டயர் ஓடும் தடத்தில் மூன்று, நடுவில் மூன்று எடுங்கள்.

அடுத்தது ஷியர் ஜிக், கோரின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு மறு பாதியை அழுத்தி வெட்டும் சட்டம். அதை மாட்டும் மார்ஷல் மெஷின் (தார்க் கலவையை அழுத்திச் சோதிப்பது) நிமிஷத்துக்குச் சுமார் 50 மி.மீ. நகரும், இந்தச் சோதனைக்கும் அதே வேகம்தான். ஆனால் அதோடு வரும், விசையை அளக்கும் சின்ன புரூவிங் ரிங்கை நம்ப வேண்டாம். 50 கிலோநியூட்டன் ரிங் மாட்டுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான். சேரும் கோடு ஜிக்கின் இரு பாதிக்கும் இடையிலுள்ள 5 மி.மீ. சந்துக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். பழைய ரோடு மேடுபள்ளமாக இருந்தால் அந்தக் கோடு சாய்ந்திருக்கும். கோரைச் சுற்றி நான்கு பக்கமும் சாக்பீஸால் குறித்து, அம்புக்குறியை அழுத்தும் திசைக்குத் திருப்பி வையுங்கள். கொஞ்சம் விலகினாலும் ஒட்டுக்குப் பதில் கலவைதான் வெட்டுப்படும், எண் பொய்யாக உயரும்.

அடுத்த வில்லன் சூடு. சோதனை 20 டிகிரியில். ஏப்ரலில் தர்மபுரி லேப் அறையிலேயே கோர் 33, 34 டிகிரிக்குப் போய்விடும். தார் இளகி, நல்ல ஒட்டும் மோசமாகத் தெரியும். ஐஸ் போட்ட தொட்டியை நம்பாமல் தெர்மோஸ்டாட் வைத்த பெட்டியில் நான்கு மணி நேரம் வையுங்கள்.

கணக்கு எளிது: கிடைத்த விசையை 17,671 சதுர மி.மீ.யால் வகுக்கவும். ஜெர்மனியில் மேல் அடுக்குக்கு 15 கிலோநியூட்டன் கேட்கிறார்கள், அதாவது சதுர மி.மீ.க்கு 0.85 நியூட்டன்.

எண்ணைவிட உடைந்த முகம் அதிகம் பேசும். மண் படிந்திருந்தால் கம்ப்ரசர் ஊதவில்லை. கோடு கோடாகக் கறுப்பு இருந்தால் நாசில் அடைப்பு. ஜல்லி பிய்ந்து வந்திருந்தால் ஒட்டில் குறையில்லை. வெறும் ஜல்லி பளிச்சென்று தெரிந்தால் தண்ணீர் தாரை உரித்திருக்கிறது. கிருஷ்ணகிரி கிரானைட்டில் சிலிக்கா அதிகம், அதனால் இதை எதிர்பார்க்கலாம். தார் உரியாமல் தடுக்கும் ஆன்டி ஸ்டிரிப்பிங் திரவமோ நீறிய சுண்ணாம்போ சேர்ப்பது நல்லது, என் ஓட்டு சுண்ணாம்புக்கு. ஒட்டு தண்ணீரில் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இன்னொரு செட் கோரை 40 டிகிரி தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி 20 டிகிரிக்குக் கொண்டுவந்து உடைத்து, உலர்ந்ததோடு ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: துளையிடும்போதே கோர் இரண்டாகக் கழன்றால் தூக்கிப் போடலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. முகத்தில் வட்டக் கீறல் இருந்தால் பிட் ஆடியிருக்கிறது, பக்கத்திலேயே இன்னொன்று எடுங்கள். கீறல் இல்லாமல் மண்ணோடு வழுவழுப்பாக இருந்தால் "ஒட்டவில்லை" என்றே பதிவு செய்யுங்கள். குழியைத் துடைத்து உலர்த்தி, எமல்ஷன் பூசி, 5 செ.மீ. அடுக்காகக் கலவை போட்டு இடித்து மூடவும்.