என்ஜின்எக்ஸுக்கு டாம்கேட்டைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது எப்படி?

முன்னால் பிரவுசரின் கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், பின்னால் வேறொரு மெஷினில் ஜாவா ஆப்பை ஓட்டும் டாம்கேட். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் என்ஜின்எக்ஸ் கன்ஃபிக்கில் டாம்கேட் மெஷினின் ஐபியையே எழுதிவிடுவார்கள். வேலை செய்யும்தான். அந்த ஐபி மாறும் நாளில், எந்தெந்த ஃபைலில் எழுதினோம் என்று தேட வேண்டிவரும். பெயர் வைத்துவிட்டால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். நான் சொல்வது டெபியன் லினக்ஸ் சர்வருக்கு.

முதலில் வெப் சர்வரில், ஈடிசி டைரக்டரிக்குள் இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலை (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று அந்த மெஷினுக்குச் சொல்லும் பட்டியல்) சூடோ போட்டு, அதாவது அட்மின் அனுமதியோடு திறங்கள். கடைசியில் ஒரு வரி சேருங்கள்: 192.168.10.21, ஓர் இடைவெளி, அப்புறம் பெயர். இங்கே 'ஆப்1' என்று வைத்துக்கொள்வோம். (ஃபைலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

அடுத்து சோதனை. பலர் வழுக்குவது இங்கேதான். பெயருக்கு ஐபி தேடும் கமாண்டுகளான என்எஸ்லுக்அப், டிக் இரண்டும் நேரே டிஎன்எஸ் சர்வரிடம் (நெட்வொர்க்கில் பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர்) போய்விடும். ஹோஸ்ட்ஸ் ஃபைலை எட்டிக்கூடப் பார்க்காது. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று பதில் வந்தால் பயப்படாதீர்கள். 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் ஆப்1' என்று அடியுங்கள். மற்ற புரோகிராம்கள் தேடுகிற அதே வரிசையில் இதுவும் தேடும். அந்த வரிசை என்எஸ்ஸ்விட்ச் ஃபைலில் இருக்கிறது: வழக்கமாக முதலில் ஹோஸ்ட்ஸ் ஃபைல், பிறகு டிஎன்எஸ்.

சரி, ஐபி வந்துவிட்டதா? என்ஜின்எக்ஸ் கன்ஃபிக்கில், கோரிக்கையை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ப்ராக்ஸி பாஸ் வரியில் ஐபி இருந்த இடத்தில் ஆப்1, போர்ட் 8080. என்ஜின்எக்ஸை மைனஸ் டி போட்டுச் சோதித்துவிட்டு ரீலோடு செய்யுங்கள்.

இன்னும் பிரவுசரில் 502 (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற எரர்) வந்தால் டாம்கேட் மெஷினைப் பாருங்கள். டெபியன் நிறுவும்போது மெஷினின் சொந்தப் பெயரை 127.0.1.1 என்று ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவிடுவது உண்டு. டாம்கேட்டின் கனெக்டரில் (எந்த முகவரி, எந்த போர்ட்டில் கேட்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) முகவரியாக அந்தப் பெயரைக் கொடுத்திருந்தால், டாம்கேட் தன் மெஷினுக்குள்ளேயே காது கொடுத்துக்கொண்டிருக்கும். வெளியே இருந்து கூப்பிட்டால் கேட்காது. எந்த போர்ட் எந்த முகவரியில் கேட்கிறது என்று காட்டும் எஸ்எஸ் கமாண்டில் 8080-க்கு முன்னால் 127.0.1.1 இருந்தால் இதுதான் கோளாறு. ஹோஸ்ட்ஸ் ஃபைலின் அந்த வரியில் 127.0.1.1-க்குப் பதில் மெஷினின் நிஜ ஐபியைப் போட்டு, டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒருநாள் இரவு டாம்கேட்டை வேறு மெஷினுக்கு மாற்றினேன். ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திருத்தியாயிற்று, பிங் புது ஐபியைக் காட்டுகிறது, பிரவுசரில் மட்டும் 502. அரை மணி நேரம் ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் எரர் லாகைத் திறந்தால், ஒவ்வொரு வரியிலும் பழைய ஐபி. இப்படி எழுதிய பெயருக்கான ஐபியை என்ஜின்எக்ஸ் கிளம்பும்போது ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளும். அடுத்த ரீலோடு வரை மறுபடி கேட்காது. ரீலோடு அடித்ததும் பக்கம் வந்தது.