முற்றம் வைத்த வீடு: மழைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

செட்டிநாட்டுப் பாணியில் வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் தூணையும் கதவையும் தேடிப் போகிறார்கள். வரைபடத்தில் முதலில் உட்கார வேண்டியது முற்றம். 40க்கு 60 அடி மனையில் 10க்கு 12 அடி முற்றம் நன்றாக அமையும். மனை சிறியது, மாடியும் வேண்டும் என்றால் அறைகளைக் குறையுங்கள், முற்றத்தைக் குறுக்காதீர்கள். சுவர் உயரத்தில் பாதி அகலம்கூட இல்லாத முற்றத்தில் வெயில் இறங்காது, தரை பாசி பிடித்துவிடும்.

இனி தண்ணீர்க் கணக்கு. முற்றத்தின் நான்கு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரியும் 8 அடித் தாழ்வாரம் என்றால், முற்றத்தையும் சேர்த்து 26க்கு 28 அடிப் பரப்பின் மழை உள்ளேதான் விழும். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டினால் சுமார் 3,400 லிட்டர். ஒரு 4 அங்குலக் குழாயே இதைத் தாங்கும். ஆனாலும் எதிரெதிர் மூலைகளில் இரண்டு போடுங்கள், ஒன்றை இலை அடைத்தாலும் மற்றது இழுக்கும். முற்றத் தரை, தாழ்வாரத்தைவிட 9 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். இரண்டும் அடைத்துக்கொண்டால்கூட, அதே மழையில் தண்ணீர் படியேற முக்கால் மணி நேரம் ஆகும்.

பேஸ்மட்டம் (வீட்டுத் தரைக்கு அடியில் எழுப்பும் மேடை) நிரப்பும் முன்பே குழாயைப் பதித்துவிட வேண்டும். 100 அடிக்கு 1 அடி சரிவு, வீட்டுக்குள் எங்கும் எல்போ (குழாயை வளைக்கும் இணைப்பு) கூடாது. வளைவில் அடைத்தால் தரையை உடைப்பது தவிர வேறு வழியில்லை. முற்றப் பள்ளம், அதற்குக் கீழே குழாய், 30 அடி ஓட்டத்தின் சரிவு எல்லாம் சேர்ந்து குழாய் வாய் வீட்டுத் தரைக்கு இரண்டடி கீழே போய்விடும். அதனால் பேஸ்மட்டம் சாலையிலிருந்து 3 அடியாவது எழட்டும். வெளியே ஒரு வண்டல் தொட்டி, அதைத் தாண்டி மழைநீர்க் குழி (தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம்). செப்டிக் டேங்கோடு மட்டும் இணைக்காதீர்கள்.

ஓட்டுக் கூரைக்கு இரண்டடிக்கு ஓரடி ஏற்றம். தூண் மேல் உத்திரம் 8 அடியில் என்றால் சுவரில் 12 அடி. முற்றத்துக்குள் ஒன்றரை அடி நீளும் இறவாரம் 9 அங்குலம் இறங்கும். உயரமானவருக்கும் தலை இடிக்காது. ரீப்பர் (ஓடு மாட்டும் சட்டம்) இடைவெளியை யார் சொன்ன அளவிலும் அடிக்க வேண்டாம். வந்திறங்கிய மங்களூர் ஓட்டில் இரண்டை மாட்டிப் பார்த்து அளந்து அடியுங்கள். சூளைக்குச் சூளை அளவு மாறும்.

ஒழுகுவது பெரும்பாலும் இரண்டு சரிவுகள் சேரும் உள்மூலையில்தான். அங்கே சிமெண்ட் பூசினால் வெயிலில் வெடித்துவிடும். ஓட்டுக்கு அடியில் இரண்டடி அகல அலுமினியத் தகட்டை வாய்க்கால் மாதிரி மடித்துப் போட்டு, இருபுறமும் ஓடு அரையடியாவது தகட்டின் மேல் ஏறும்படி வையுங்கள்.

திருட்டுப் பயத்துக்கு இறவார மட்டத்தில் கம்பி கிரில் போதும். பாலிகார்பனேட் ஷீட் போட்டு முற்றத்தை மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டடி தூக்கி, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

பழைய கதவு நிலையும் தூணும் காரைக்குடியில் வாங்குவதாக இருந்தால் வரைபடத்துக்கு முன்பே வாங்கி அளவெடுங்கள். பழைய நிலைகளில் பல, குனிந்து நுழையும் உயரம்தான்.

ஆத்தங்குடிக் கல்லைக் கடைசியில், பெயிண்ட் வேலை முடிந்த பிறகு பதியுங்கள். அது சூளையில் சுடாத சிமெண்ட் கல். கறை போக்க ஆசிட் ஊற்றினால் மேல்வண்ணமே அரித்துப் போகும்.