பார்த்த இடத்தை நினைவிலிருந்து வரைவது எப்படி?

ஓர் இடம் மனதில் அப்படியே தங்கிவிடுகிறது. ஆனால் அதை வரைய உட்கார்ந்தால் மரம் பச்சை, வானம் நீலம், மண் பழுப்பு என்று வந்து நிற்கும். எந்த ஊர் மரமாகவும் அது இருக்கலாம். எனக்கும் பல மாதங்கள் இப்படித்தான் போயின. கை பழகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு பார்ப்பதிலேயே இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மரம் என்று தெரிந்ததுமே அதன் நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவேன்.

இதற்கு எனக்குக் கைகொடுத்த முறை இது: இடத்தில் குறிப்பு மட்டும் எடுப்பது, வண்ணத்தை மறுநாள் நினைவிலிருந்து தீட்டுவது.

வேண்டியவை

சின்ன நோட்டு, பென்சில், அக்ரிலிக் அல்லது குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) வண்ணங்கள். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), எலுமிச்சை மஞ்சள், வெள்ளை ஆகிய ஐந்தே போதும். கறுப்பு வாங்க வேண்டாம். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும்.

1. கண்ணை இடுக்கிப் பாருங்கள்

முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடாதீர்கள். கண்ணைப் பாதி மூடினால் இலை, கிளை எல்லாம் மறைந்து மூன்று நான்கு பெரிய திட்டுகள் மட்டும் தெரியும். அவற்றை உள்ளங்கை அளவுக் கட்டத்துக்குள் வரைந்து, மிக வெளிச்சமானதற்கு 1, மிக இருண்டதற்கு 5 என்று எண் போடுங்கள்.

2. நிறத்தைச் சொல்லால் எழுதுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ‘பச்சை’ என்று எழுதினால் மறுநாள் அது எதற்கும் உதவாது. கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா? நம் மொழியில் இப்படி எத்தனையோ சொற்கள் இருக்கின்றன, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டும் எழுதுங்கள்: ‘மரத்தின் நிழல் பக்கம் பாசிப்பச்சை, தரையைவிடக் கருமை, வானத்துக்கு அருகில் கொஞ்சம் ஊதா.’

கண் நம்மை ஏமாற்றும். மாலை நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவரில் நீலம் ஏறியிருக்கும். அது வெள்ளைச் சுவர் என்று மூளைக்குத் தெரிவதால் வெள்ளையாகவே காட்டும். ஒரு அட்டையில் சின்னத் துளை போட்டு, கையை நீட்டிப் பிடித்து அதன் வழியாகப் பாருங்கள். சுவர் மறைந்து நிறம் மட்டும் மிஞ்சும். முதல் தடவை செய்தபோது நான் அசந்துபோனேன்.

பிரெஞ்சு ஓவியர் பியர் போனார், சட்டைப்பை டைரியில் சின்னப் பென்சில் கோட்டோவியங்களோடு அன்றைய வானிலையையும் குறித்து வைப்பார். வண்ணம் தீட்டுவது வீட்டில்தான். ‘மேகமூட்டம், மழைக்கு முன்’ என்ற ஒரு வரி எவ்வளவு நிறத்தைத் திருப்பிக் கொண்டுவரும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

3. திரும்பி நின்று ஒப்பியுங்கள்

1870களில் லண்டனின் தேம்ஸ் ஆற்றை இரவுக் காட்சிகளாக வரைந்த அமெரிக்க ஓவியர் விஸ்லர் இந்தப் பயிற்சியைச் செய்தவர். காட்சியை நன்றாகப் பார்த்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று, கூட வந்தவரிடம் வாய்விட்டுச் சொல்வார். நீங்களும் செய்யுங்கள். கூட யாரும் இல்லையென்றால் உங்கள் குறிப்பே சரிபார்க்கும். முயற்சி இல்லாமல் முதலில் வாயில் வந்த நிறம் எது என்று அடிக்கோடிட்டு வையுங்கள்.

4. மறுநாள் தீட்டுங்கள்

போன் படத்தைத் திறக்காதீர்கள். பெரும்பாலும் அதில் நிழல் கறுத்துவிடும், இல்லையென்றால் வானம் வெளுத்துவிடும். அதைப் பார்த்த பிறகு உங்கள் நினைவு அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

அடிக்கோடிட்ட நிறத்தையும் அதை ஒட்டியிருந்த நிறத்தையும் முதலில் கலந்து, தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த ஜோடி சரியாக அமையும் வரை வேறெதற்கும் போக வேண்டாம். வண்ணத்தட்டில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. அண்டை நிறத்தைப் பொறுத்து ஒரே நிறம் மாறித் தெரியும் என்பதைச் செவ்ரல் என்ற வேதியியலாளர் 1839இலேயே விரிவாக எழுதிவிட்டார். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் நீலமாகத் தெரியும்.

அப்புறம் மற்றத் திட்டுகள். பச்சைக்கு எலுமிச்சை மஞ்சளும் அல்ட்ராமரைனும். அது மிகவும் பளிச்சென்று இருந்தால் துளி பர்ன்ட் சியன்னா. தூரத்து மலைக்கு வெள்ளையும் நீலமும் கூட்டுங்கள். இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் தொலைவில் உள்ள இருண்ட பொருள் வெளுத்து நீலமாகத் தெரிகிறது. அதே காரணத்தால் தொலைவில் உள்ள வெள்ளை லேசாக மஞ்சளிக்கும். அக்ரிலிக் காய்ந்ததும் கொஞ்சம் கருக்கும், அதற்கேற்பக் கலந்துகொள்ளுங்கள்.

நினைவில் இல்லாத இடத்தை இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள். ஒரே நிறத்தில் அமைதியாக விட்டுவிடுங்கள்.

5. படத்தோடு அதே இடத்துக்குப் போங்கள்

அதே வானிலை, அதே நேரம். படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேறுபாடுகளை நோட்டில் எழுதுங்கள். படத்தில் கை வைக்க வேண்டாம். ஏரி ஒன்றை இப்படி வரைந்து எடுத்துப்போனபோது, என் படத்தில் தண்ணீர் நேரில் இருந்ததைவிட நன்றாக ஊதாவாக இருந்தது. முதல் நாள் குறிப்பைப் புரட்டினேன். ‘சூரியன் இறங்கிய பிறகும் கிளம்ப மனமில்லை’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அந்த ஊதாவை நான் மாற்றவில்லை.